பாறைமேல் மஞ்சள் கோட்டு

என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், பாஸ்போர்ட் அளவுப் படம் எடுப்பவர். அவருக்கு முன்னால் யார் உட்கார்ந்தாலும், "காது ரெண்டும் தெரியணும், சிரிக்கக் கூடாது" என்பார். தன் கல்யாண ஆல்பத்திலும் அவர் அப்படித்தான் இருக்கிறார்.

கடை ஒரே அறை. முன்னால் ஒரு ஸ்டூல், அதன் பின்னால் வெள்ளைச் சுவர், திரைக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர். கைக்குழந்தைகளை ஸ்டூலில் உட்கார வைக்க முடியாது. அதற்குத்தான் அக்கா. வெள்ளைத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, குழந்தையை மடியில் வைத்து, விரல்களை மட்டும் வெளியே நீட்டிப் பிடித்துக்கொள்வாள். படம் எடுத்ததும் அத்தான் அந்த விரல்களைக் கம்ப்யூட்டரில் அழித்துவிடுவார். இந்த ஊர்க் குழந்தைகளில் பாதி, அக்கா மடியில் உட்கார்ந்துதான் வெளிநாடு போயிருக்கின்றன. ஒரு படத்திலும் அவள் இல்லை.

எல்லார் கையிலும் போன் வந்த பிறகு அத்தான் கடையில் ஈ ஓட்டத் தொடங்கினார். ஓட்ட ஈயும் இல்லாத நேரத்தில், கடற்கரையைப் படம் எடுப்பது எப்படி என்று வீடியோ பார்த்தார்.

"இத்தனை வருஷம் மனுஷங்களை எடுத்தாச்சு. கடல்னா பேசாம இருக்கும்" என்றார்.

கடல் பேசாமல் இருக்கவில்லை. முதல் நாள் உச்சி வெயிலில் போய் ஃபிளாஷ் போட்டு எடுத்தார். வந்தது வெளுத்த துணி மாதிரி ஒன்று. அடுத்த முறை ஈர மணலில் ஸ்டாண்டின் ஒரு கால் புதைந்து, கேமரா கடலுக்குக் கும்பிடு போட்டது. லென்சில் தெறித்த உப்புத் தண்ணீரைச் சட்டை நுனியால் துடைத்துக் கீறல் வாங்கினார். பிறகு மெல்ல மெல்லப் பிடிபட்டது. விடிகிற வெளிச்சத்துக்குப் போக வேண்டும், தண்ணீர் வற்றுகிற நேரம் பார்க்க வேண்டும், கேமரா ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்தால் படத்தில் அலை பஞ்சாகிவிடும். ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு அக்காவும் போனாள். ஸ்டாண்டின் காலுக்கடியில் தட்டைக் கல் வைக்கலாம் என்று கண்டுபிடித்தது அவள்தான். அத்தான் அதைத் தன் யோசனையாகவே எங்களுக்குச் சொன்னார்.

கம்ப்யூட்டரில் திருத்துவது அவருக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனாலும் ஆரம்பத்தில் நீலத்தை ஏற்றி ஏற்றிக் கடலை மைப்புட்டியாக்கினார். பாறைக்கு முகப்பவுடர் போட்ட மாதிரி ஒரு பளபளப்பு. "பாறைக்கு எதுக்கு அத்தான் மேக்கப்?" என்று கேட்டேன். என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. அதன் பிறகு படங்கள் நிஜமாகவே நன்றாக வந்தன.

நான் நகர நூலகத்தில் வேலை பார்க்கிறேன். புது வாசிப்பறையில் ஒரு பெரிய சுவர் காலியாக இருந்தது. அத்தானின் கடல் படம் ஒன்றை அங்கே மாட்ட, எங்கள் மேலதிகாரியை நச்சரித்துச் சம்மதிக்க வைத்தேன். அத்தான் பார்க்கிற வீடியோக்காரர் ஒருவர், மனுஷர் ஒருத்தர் நின்றால்தான் பாறையின் பெரிசு தெரியும் என்று சொல்லியிருந்தார்.

"நான் நிக்கிறேன்" என்றாள் அக்கா. என்னிடம் தனியாக, "ஒரு படத்துலயாவது இருக்கேன்டி" என்றாள். என்னுடைய மஞ்சள் மழைக்கோட்டை வாங்கிப் போனாள்.

பாறை நுனியில் நின்றாளாம். "ஆடாதே, ஆடாதே" என்று அத்தான் கரையிலிருந்து கத்தினாராம். முட்டி வரை அலை நனைத்தும் அவள் ஆடவில்லை. கேமராத் திரையில் அவளுக்குக் காட்டியிருக்கிறார். "நகம் அளவுக்குத்தான் இருக்கேன், ஆனா நான்தான்னு தெரியுது" என்று போனில் சொல்லும்போது அவள் குரல் சின்னப் பெண் குரல் போல இருந்தது.

திறப்பு நாளில் பக்கத்து வீட்டுக்காரர்களையெல்லாம் கூட்டி வந்தாள். அருமையான படம். பஞ்சு அலை, ஈரப் பாறை, ஆரஞ்சு விளிம்பு. பாறை நுனியில் யாரும் இல்லை.

அக்கா கிட்டே போய்ப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"நான் எங்கங்க?"

அத்தானும் கிட்டே போய்ப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் அவருக்கே தெரியாது என்று புரிந்தது.

"கம்ப்யூட்டர்ல பெரிசாக்கி வெச்சுத் தூசிப் புள்ளி எடுத்துட்டிருந்தேன். ஓரத்துல விரல் தெரிஞ்சுது. உன் விரலைப் பார்த்தா அழிச்சுத்தானே பழக்கம்."

"விரலைத்தானே? மிச்சம்?"

"விரல் போனதும் கை நல்லா இல்ல. கை போனதும்..."

"பழைய படம் இருக்கும்ல அத்தான்?" என்றேன். இல்லை. கடைப் பழக்கப்படி கேமராவைக் காலி பண்ணிவிட்டு, திருத்தியதைப் பழையதன் மேலேயே சேமித்திருந்தார். அழித்த மச்சத்தை யாரும் திரும்பக் கேட்டதில்லையே. அக்கா அழவில்லை. அழுதிருந்தால் தேவலாம் போலிருந்தது.

மறுநாள் ஒரு கைக்குழந்தை வந்தது. அக்கா துணியை அத்தான் கையில் கொடுத்தாள்.

"நீங்களே போத்திக்குங்க."

"அப்போ யாரு எடுக்கறது?"

"நான்தான்."

எடுத்தாள். குழந்தையின் காது இரண்டும் தெரிந்தன. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அத்தானின் விரல்களையும் அவளே அழித்தாள், ஒவ்வொன்றாக. அத்தான் பின்னால் நின்று பார்த்தபடியே இருந்தார்.

அடுத்த நாள் விடியற்காலையில் மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு, "வா, இன்னொரு தடவை நிக்கிறியா?" என்று கேட்டாராம்.

"நீங்க நில்லுங்க" என்றாளாம் அக்கா.

இப்போது வாசிப்பறையில் தொங்குவது அன்றைக்கு அக்கா எடுத்த படம்தான். மேலதிகாரியை இரண்டாம் முறை நச்சரித்ததும் நான்தான். அடிவானம் லேசாகச் சாய்ந்திருக்கிறது. அதை நேராக்க அத்தான் மவுஸைத் தொட்டபோது, "கையை எடுங்க" என்றாள் அக்கா. எடுத்துவிட்டார்.

கிட்டே போய்ப் பார்த்தால் பாறை நுனியில் என் மஞ்சள் கோட்டுக்குள் அத்தான் தெரிவார். கடலுக்கு முதுகைக் காட்டி, விறைப்பாக, காது இரண்டும் தெரிய. சிரிக்கவில்லை. அவர் பார்ப்பது கேமராவை அல்ல. அதற்குக் கொஞ்சம் மேலே, அதை எடுத்தவளை.