தம்பி சம்மதித்தானா

நான் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவன். அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. புதுக்கடைச் சந்தையில் வாழைக்குலை எடுத்து, சைக்கிள் கேரியரில் கட்டி, நாகர்கோவில் வரை மிதித்தவன்தான் பிறகு மூன்று லாரிக்கு முதலாளி ஆனான். எங்கள் சபையில் இரண்டு தடவை செயலாளராக இருந்திருக்கிறேன். கோபுரத்தில் மணி ஏறியது என் காலத்தில். எந்தப் போதகர் மாற்றலாகி வந்தாலும் முதல் வாரமே என் வீட்டில் சாப்பிடுவார். இதெல்லாம் யாரும் எனக்கு இலவசமாகத் தந்ததல்ல.

இரட்சிப்பும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். இளவயதில் ஒரு கன்வென்ஷன் பந்தலில், இயேசுவை ஏற்றுக்கொள்ளத் தீர்மானம் எடுக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள் என்று பிரசங்கியார் கேட்டபோது, அங்கே இருந்த அத்தனை பேரிலும் முதலில் எழுந்தவன் நான். பக்கத்தில் இருந்த தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"நீ நில்லு. நானும் நின்னா பின்னால இருக்கவனுக்கு மறைக்கும்" என்று சொல்லிவிட்டு அவன் கடலை கொறித்துக்கொண்டிருந்தான்.

நான் சாட்சி சொன்ன இடமெல்லாம் அந்தப் பந்தலில் இருந்துதான் தொடங்குவேன். நான் எழுந்தேன், ஆண்டவர் என்னை உயர்த்தினார். என் வாழ்க்கையை இதைவிடச் சுருக்கமாகவும் சரியாகவும் யாராலும் சொல்ல முடியாது.

தம்பி அதற்குப் பிறகும் எழவில்லை. என் முதல் லாரியை ஓட்டியவன் அவன்தான். குடிப்பான். குடித்தால் பாடுவான், அடிக்கமாட்டான். கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் மட்டும் கோவிலுக்கு வருவான், அதுவும் மதிலுக்கு வெளியே நிற்பான். குழந்தையில் ஞானஸ்நானம் கொடுத்ததோடு சரி. வயது வந்தபின் சபை முன்னால் விசுவாசத்தைச் சொல்லி எடுக்கிற திடப்படுத்தலை எடுக்காததால் அவனுக்குத் திருவிருந்தின் அப்பமும் ரசமும் கிடையாது. ஊரில் என்னை மதிப்பார்கள். அவனைத்தான் எல்லோருக்கும் பிடிக்கும்.

இந்த வருடம் மழை தொடங்கிய சமயம் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது. இடது கை மட்டும் பிடித்தால் பிடிக்கும். இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இவன் தீர்மானம் எடுக்காமலே போய்விட்டால் என்ன ஆகும்? நித்தியம் முழுக்க நான் ஒரு பக்கம், இவன் ஒரு பக்கமா? என் வாழைக்குலைக் கடையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எங்கே போக என்று தெரியாது. கடைசியில் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நிற்பேன். ஒரு நாள் துணிந்து அவன் இடது கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"மக்கா, நான் சொல்லுது கேக்குதா? ஏசுவ ஏத்துக்கிடுதியா? ஏத்துக்கிட்டேன்னா என் கைய அழுத்து."

அழுத்தினான். லாரி கியர் பிடித்த கை, நல்ல அழுத்து.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வாசலுக்கு வந்து போதகருக்குப் போன் செய்தேன். வயதில் சின்னவர், போன வருடம்தான் வந்தார். "அவரு சம்மதிச்சாருன்னு நீங்க சொன்னா எனக்குப் போதும் ஐயா. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சு வீட்டுக்கே வந்து திருவிருந்து குடுக்கிறேன்" என்றார். கடைக்குப் போய் அங்கே இருந்தவர்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, தம்பி இரட்சிக்கப்பட்டான் என்று சொன்னேன். என் முயற்சியில்தான் என்பதையும் சொன்னேன்.

மறுநாள் தம்பி மனைவி கஞ்சி ஊட்டிக்கொண்டே சொன்னாள்.

"அத்தான், இத நீங்க ஊரெல்லாம் சொல்லாதிய. அவிய எதுக்கும் அழுத்துவாவ. முந்தாநாளு மீன்காரி கையப் பிடிச்சு, சாள வேணுமான்னு கேட்டா. அதுக்கும் அழுத்தினாவ."

"அவனுக்குச் சாள பிடிக்கும் பிள்ளே."

"பொறவு அவ, என்னக் கெட்டிக்கிடுதியளான்னு கேட்டா. அதுக்கும்தான் அழுத்தினாவ."

நான் அவளை விலக்கிவிட்டுக் கையைப் பிடித்தேன். "லேய், உன் வீட்டையும் அதச் சுத்தின பறம்பையும் என் பேருக்கு எழுதித் தாறியா?" அழுத்தினான். "குடிய விட்டுட்டியா?" அழுத்தினான். "இனியும் குடிப்பியா?" அழுத்தினான். கடைசியில் கேட்கக்கூடாத ஒன்றையும் கேட்டேன். "பிசாசுக்குப் பின்னால போறியா?" அதே அழுத்து.

"என்ன கேள்வி அத்தான் கேக்குதிய!" என்று அவள் கஞ்சிப் பாத்திரத்தோடு எழுந்துவிட்டாள்.

அவன் முகத்தைப் பார்த்தேன். நோய் வந்ததில் இருந்து வாய் ஒரு பக்கம் கோணி, எப்போதும் சிரிக்கிற மாதிரியே இருக்கும். ஜென்மம் முழுக்க என்னைக் கேலி செய்தவன். இப்போதும் செய்கிறானா, இல்லை உள்ளே ஒன்றுமே எட்டவில்லையா என்று எனக்கு விளங்கவில்லை.

என் மகள் நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். படிக்க வைத்தது நான். அவளும் மருமகனும் எங்கள் சபையை விட்டு, தக்கலைப் பக்கம் ஒரு மாடியில் கூடுகிற சின்னச் சபைக்குப் போகத் தொடங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. உலகம் உண்டாவதற்கு முன்பே யார் யாரை இரட்சிப்பது என்று தேவன் தெரிந்தெடுத்துவிட்டார், மனுஷனுடைய விருப்பத்தாலோ முயற்சியாலோ அல்ல என்பது அங்கே போதனை. எங்கள் போதகர் அதற்குக் கால்வினிசம் என்று பேர் சொல்லி, எச்சரிக்கையாக இருங்கள் என்று பிரசங்க பீடத்தில் இருந்தே சொன்னார். வீட்டில் நாங்கள் அதை வைத்துப் பெரிய சண்டையே போட்டிருக்கிறோம்.

"அப்ப நான் பந்தல்ல எந்திரிச்சு நின்னது?" என்று கேட்டேன் ஒரு தடவை.

"உங்கள எழுப்பினதே அவருதாம்ப்பா."

"சைக்கிள் மிதிச்சது?"

"காலுக்குப் பெலன் தந்தது யாரு?"

"உங்க ஆளுவள அந்தக் கேரியர்ல குலைக்கு மேல உக்காரவச்சு மிதிக்கணும். அப்ப தெரியும் பெலன் யாருக்குன்னு."

அதோடு, என் சாப்பாட்டு மேசையில் இந்தப் பேச்சு கூடாது என்று நிறுத்திவைத்தேன். அந்த நானேதான் இப்போது பஸ் பிடித்து அவள் வீட்டுக்குப் போனேன். காருக்கு டிரைவர் வரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. நடந்ததைச் சொன்னேன். பிசாசைக் கேட்டதையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"சித்தப்பா அழுத்தினாலும் அழுத்தாட்டாலும், தேவன் அவரத் தெரிஞ்செடுத்திருந்தா கைவிடமாட்டாருப்பா."

"எடுக்கல்லன்னா?"

"அது எனக்குத் தெரியாது."

"ஒரே வயித்துல பெறந்தவங்க நாங்க. ஒருத்தன எடுத்து ஒருத்தன விட்டா அதுக்கு ஒரு காரணம் வேண்டாமா? நான் சந்தையில ஒரு குலைய வேண்டான்னு தள்ளினா, ஏன்னு கேட்டா சொல்லுவேன்."

"காரணம் நம்மகிட்ட இல்லன்னுதான் சொல்லுதோம். அவருகிட்ட இல்லன்னு சொல்லல்ல."

கோபத்தோடு கிளம்பிவிட்டேன். ஆனால் பஸ்ஸில் வரும்போது ஒன்று என்னைக் குத்திக்கொண்டே வந்தது. நான் இத்தனை வருடம் நம்பிய கணக்கில் தம்பிக்கு இடமே கிடையாது. எழுந்தவனுக்கு இரட்சிப்பு, எழாதவனுக்கு இல்லை. இனி அவனால் எழ முடியாது, வாய் திறந்து சொல்லவும் முடியாது, கையையோ நம்பமுடியாது. அவனுக்கு ஒரு வழி இருந்தால் அது மகள் சொல்கிற வழிதான். அவன் செய்ததையும் செய்யாததையும் பார்க்காமல் தேவன் எடுத்திருந்தால்தான் உண்டு. ஆனால் அந்த வழியாக அவன் போவதென்றால் நானும் அந்த வழியாகத்தான் போயாகவேண்டும். பந்தலில் எழுந்ததை அங்கே எனக்கென்று யாரும் எண்ணமாட்டார்கள். அதைக்கூட விட்டுவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. உடனே அடுத்த பயம் வந்தது. எடுத்திருக்கவில்லை என்றால் நான் யாரைப் பிடித்துச் சரிசெய்வது? தாசில்தார் முதல் மந்திரி வரை பார்த்துக் காரியம் முடித்தவன் நான். இந்த ஆபீசுக்கு எனக்கு வழி தெரியவில்லை. இறங்கவேண்டிய நிறுத்தத்தை விட்டு இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை போதகர் வந்தார். எங்கள் சபையை விட்டுப் போனவளானாலும் மகளும் வந்து கதவோரம் நின்றாள். போதகர் கிண்ணத்தையும் அப்பத்தையும் எடுத்துவைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சம்மதம் சொன்னாருல்லியா ஐயா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அவரும் அதைத்தான் எதிர்பார்த்து நின்றார்.

"தெரியாது" என்றேன்.

"போன்ல நீங்கதானே…"

"மீன்காரிக்கும் அழுத்தியிருக்கான். பறம்ப எழுதித் தாறியான்னு கேட்டதுக்கும் அழுத்தினான். எனக்குத் தெரியாது ஐயா."

பிசாசை மட்டும் சொல்லவில்லை. போதகர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். தம்பியின் கையைப் பிடித்து அவரே ஒரு முறை கேட்டார். அழுத்தினான். அவர் என்னைப் பார்த்தார், நான் மகளைப் பார்த்தேன், அவள் தரையைப் பார்த்தாள்.

"சந்தேகம் உங்க எல்லாருக்கும் இருக்கட்டு" என்றாள் தம்பி மனைவி. "அவிய வாய் உணங்கி வறண்டு கெடக்கு. குடுங்க ஐயா."

போதகர் கண்ணை மூடி மெதுவாக ஜெபித்தார். அப்பத்தில் ஒரு துணுக்கைத் திராட்சரசத்தில் ஊறவைத்துக் கரண்டியில் எடுத்து அவன் வாயில் வைத்தார். அவன் தொண்டை அசைவதை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். விழுங்கினான். நாக்கை நீட்டி உதட்டைத் துடைத்தான். பிறகு கண்ணை நன்றாகத் திறந்து, கிண்ணத்தைப் பார்த்து, வாயையும் திறந்தான்.

"இந்தா, ஆளு முழிச்சாச்சு!" என்று தம்பி மனைவி சிரித்துவிட்டாள். அவள் சிரித்துப் பல வாரம் ஆகியிருக்கும். போதகருக்கும் சிரிப்பு வந்தது, அடக்கினார். அவன் வாயை மூடவில்லை.

"ஐயா, இன்னும் ஒரு கரண்டி குடுங்க" என்றேன்.

"அப்படி வழக்கம் இல்ல ஐயா."

"குடுங்க ஐயா. அவன் கேக்கான்."

கொடுத்தார்.

திரும்பும்போது மகள்தான் கார் ஓட்டினாள். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கவேண்டும், வேண்டியது நடந்துவிட்டது. ஆனால் ஜன்னல் கண்ணாடியை ஏற்றுவதும் இறக்குவதுமாகவே வந்தேன்.

"அவன் வாயத் தொறந்தது விசுவாசமா, ருசியா மக்ளே?"

"தெரியாதுப்பா."

"உங்க சபைக்காரங்க என்ன சொல்லுவாங்க?"

"அவங்களுக்கும் தெரியாது."

"எங்க போதகருக்கும் தெரியல்ல. பின்ன நான் யாரிட்ட கேக்க?"

சந்திப்பு வந்தது. வலது பக்கம் திரும்பினால் என் வீடு.

"திருப்பு" என்றேன்.

"எங்கப்பா?"

"அவன்கிட்டதான். கிண்ணம் இல்லாத நேரத்துல ஒருக்கா கேட்டுப் பாக்கணும்."

"என்ன கேட்டாலும் அழுத்தத்தானே போறாரு?"

"அழுத்தட்டு. கேக்காம என்னால இருக்க முடியல்ல மக்ளே."

அவள் கண்ணாடியில் பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டுக் காரைத் திருப்பினாள்.