அடியில் மூன்று கல்

அச்சகத்தில் அவளுக்கு வைத்த பெயர் காற்புள்ளி. எதைச் சொன்னாலும் ஒரு நொடி நின்று, "சரியாத்தானே சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வாள். முப்பத்தொரு வருஷம் மெய்ப்புத் திருத்தியவள். வீட்டைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். நாலாவது முறைக்குப் பாதித் தெருவிலிருந்து திரும்பி வருவாள்.

இப்படிப்பட்டவள் ஓய்வு பெற்ற கையோடு, வெளிநாட்டுத் தீவு ஒன்றுக்குத் தொண்டு செய்யப் போகிறேன் என்றதும் வீடே வாயைப் பிளந்தது. அவள் கடைசியாகத் திருத்திய துண்டுப் பிரசுரம்தான் வினை. 'மொட்டையாகிப்போன தீவைப் பழையபடி ஆக்க ஆட்கள் தேவை' என்றிருந்ததில் இரண்டு பிழைகளைத் திருத்திவிட்டு, அடியிலிருந்த விண்ணப்பத்தையும் நிரப்பி அனுப்பிவிட்டாள்.

"வீட்டுல இருந்ததே ஒரு தொட்டிச் செடி. அதையும் நீதான் தண்ணி ஊத்தியே கொன்ன," என்றார் கணவர். பொய்யில்லை. வாடிவிடுமோ என்ற பயத்தில் வேளைக்கு ஒரு செம்பு ஊற்றியிருந்தாள்.

தீவு சின்னது. எந்தக் காலத்திலோ யாரோ கொண்டுவந்து விட்ட ஆடுகள் அங்கிருந்த புதரையெல்லாம் தின்று தீர்த்திருந்தன. புதர் போனதும் கூடு கட்ட வந்த கடற்பறவைகளும் போயின. பாறை இடுக்கில் தப்பிய மூன்றே புதர்களின் விதையை எடுத்து, நாற்றுக்கூடத்துக்காரி இரண்டு வருஷம் மல்லுக்கட்டி நாற்று வளர்த்திருந்தாள். அவளும் தமிழ் பேசுகிறவள் என்று தெரிந்ததும் காற்புள்ளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

முதல் நாள் காலை, பேய்க்காற்று. நாற்றுக்கூடத்துக்காரி ஒரு சாக்கைக் கொடுத்துவிட்டுக் கத்திச் சொன்னாள்: "அக்கா, அந்தச் சரிவைச் சுத்தம் பண்ணிடுங்க. சிவப்பு நாடா கட்டினதை விட்டுடுங்க."

அச்சகத்தில் 'இந்த வரியை விட்டுடுங்க' என்றால் ஒரே அர்த்தம்தான்: அடித்துத் தள்ளு. சிவப்பு மை இருப்பதும் அதற்குத்தான். சரிவில் மஞ்சள் பூவோடு சில செடிகள் மதமதவென்று தழைத்திருந்தன. நடுநடுவே சாண் உயரத்தில், தடித்த இலையோடு சில சோனிக் குச்சிகள். நாடா இருந்தது சோனிகளில். இதில் கேட்க என்ன இருக்கிறது? வாழ்க்கையில் முதல் முறையாக, யாரையும் திரும்பக் கேட்காமல் ஒரு வேலையில் இறங்கினாள். இரண்டு மணி நேரத்தில் பத்தொன்பது செடி, வேர் அறாமல் வெளியே வந்தது. தன் மேலேயே அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பதினொன்றரைக்குத் தண்ணீர் குடிக்க நாற்றுக்கூடத்துக்குப் போனாள். உள்ளே நாற்றுக்கூடத்துக்காரி மேசைமுன் உட்கார்ந்து, பிள்ளைக்குத் தலை பின்னுவதுபோல் ஒரு நாற்றுக்குச் சிவப்பு நாடா கட்டிக்கொண்டிருந்தாள். அதே தடித்த இலை. அதே சாண் உயரம்.

காற்புள்ளி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு மணிக்குச் சாக்குகளை உப்புநீர்த் தொட்டியில் முக்கிவிடுவார்கள், பிடுங்கிய களை மறுபடி முளைக்காமல் இருக்க. முக்கிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. காற்று கொண்டுபோயிற்று என்று நினைப்பார்கள். அப்படியும் ஒரு யோசனை அவளுக்கு வந்தது. அது வந்ததே அவளுக்கு அசிங்கமாக இருந்தது. ஆனாலும் பத்து நிமிஷம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கே வேர் காய்ந்துகொண்டிருந்தது.

"சிவப்பையெல்லாம் பிடுங்கிட்டேன்," என்றாள் கடைசியில்.

நாற்றுக்கூடத்துக்காரியின் கை நாடாவிலேயே நின்றது. "எத்தனை?"

"பத்தொம்பது."

"விட்டுடுங்கன்னுதானே சொன்னேன்?"

"எங்க வேலையில விட்டுடுன்னா எடுத்துடுன்னு அர்த்தம்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். காற்புள்ளி மூச்சிரைக்கப் பின்னால் ஓடினாள். சாக்கு தொட்டியருகே போய்ச் சேர்ந்திருந்தது, நல்லவேளை முக்கவில்லை. இருவரும் பத்தொன்பதையும் மறுபடி நட்டார்கள்.

"பிழைக்குமா?"

"தெரியாது. ஒரு வாரத்துல துளிர் விட்டா உண்டு."

அன்று மாலை காற்புள்ளி ஒவ்வொரு செடியின் அடியிலும் மூன்று வெள்ளைக் கற்களை வரிசையாக வைத்தாள். இது என்ன என்று நாற்றுக்கூடத்துக்காரி கேட்டாள்.

"சரியா இருந்த சொல்லைத் தப்பாக் கோடு போட்டு அடிச்சிட்டா, அடியில புள்ளி வச்சு, ஓரத்துல 'இருக்கட்டும்'னு எழுதுவோம். அடிச்சது செல்லாதுன்னு அர்த்தம்."

"செடி படிக்குமா?" என்று கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள். அதன்பின் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

தினமும் விடிந்ததும் காற்புள்ளி சரிவில் இருந்தாள். போனில் கேட்ட கணவர், "பூட்டை இழுத்துப் பாக்கிற மாதிரி செடியை இழுத்துப் பாத்துடாத," என்றார். அவள் அன்று காலைதான் ஒன்றை இழுத்துப் பார்க்கக் கையை நீட்டி, பயந்து எடுத்திருந்தாள்.

ஏழாம் நாள் ஒன்றில் அரிசி முனை அளவு பச்சை. அவளை ஊருக்குத் திருப்பி அழைத்துப்போகப் படகு வரும் பத்தாம் நாள் காலையில் பதினாலு துளிர்த்திருந்தன. ஐந்து கருகிவிட்டன. காற்புள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த ஐந்தின் அடியிலிருந்த கற்களை எடுக்கக் குனிந்தாள்.

எப்போது வந்தாளோ, நாற்றுக்கூடத்துக்காரி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இருக்கட்டும்க்கா."

கல்லைச் சொன்னாளா, தன்னைச் சொன்னாளா என்று காற்புள்ளி ஒரு நொடி நின்றாள். திரும்பக் கேட்கவில்லை.