வியாகுலம்மாளின் ஒன்பது நாள்

திருச்சி பாலக்கரை வியாகுலம்மாளிடம் அவளுடைய ஐம்பத்தெட்டாவது வயது வரைக்கும் "உனக்கு எத்தனை நாள் லீவு வேணும்?" என்று யாரும் கேட்டதில்லை. முதலில் கேட்டவன் அவள் மகன் கிளமென்ட். 1982 பிப்ரவரியில் ஒரு மாத விடுப்பில் வந்திருந்தான். மத்தியதரைக் கடலில் மால்டா என்ற தீவில் அவனுக்குக் கப்பல் எஞ்சின் பழுது பார்க்கிற வேலை. அதற்குப் பக்கத்தில் கோசோ என்று இன்னும் சின்னத் தீவு ஒன்று உண்டு. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் முக்கால் மணி நேரத்தில் தீவு முடிந்துவிடும். அங்கே கடலைப் பார்த்த ஒரு வீட்டை மே மாதம் தொடங்கி மூன்று மாதத்துக்குப் பேசி வைத்துவிட்டு வந்திருந்தான். அம்மா வர வேண்டும், சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். திட்டம் அவ்வளவுதான்.

"ஒன்பது நாள்" என்றாள் அம்மா. முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"தொண்ணூறு நாளும்மா."

"ஒன்பது. வீட்டுப் படி இறங்கி, திரும்பி வந்து படி ஏற."

"போக ரெண்டு நாள், வர ரெண்டு நாள் ஆகும். அப்ப அங்க அஞ்சே நாளா? அஞ்சு நாளைக்காகவா ஒருத்தர் அவ்வளவு தூரம் வருவாங்க?"

"நானா வரேன்னேன்? நீதானே கூப்பிட்டே."

"அப்போஸ்தலர் சின்னப்பர் கப்பல் உடைஞ்சு கரையேறினது மால்டாவுலதாம்மா. பூசையில வாசிப்பாங்களே. அவரே மூணு மாசம் இருந்தாரு."

"அவருக்கு வேற கப்பல் கிடைக்கலை" என்றாள் அம்மா. முறத்தை ஒருமுறை புடைத்தாள். பேச்சு முடிந்தது.

கிளமென்ட் எதையும் எண்ணிப் பார்க்கிறவன். அப்பா இறந்த 1972 முதல் அதுவரை அம்மாவோடு ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்திருந்தான். நூற்றுப் பதினொன்று. பத்து வருடத்துக்கு அது போதாது. தொண்ணூறு கிடைத்தால் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அதனால்தான் அந்த வீடு.

வியாகுலம்மாள் இப்போது இல்லை. அவளைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஊசியில்தான் தொடங்குகிறார்கள். அது தவறு. அன்று கிளமென்ட்டும் அந்தத் தவறைத்தான் செய்தான்.

கன்னியர் நடத்திய ஒரு சின்ன மருந்தகத்தில் இருபத்தாறு வருடம் அவள் ஊசி போட்டிருந்தாள். ஓய்வு பெற்ற பிறகும் விடியற்காலையில் துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். சர்க்கரை நோய்க்காரர்கள் பதினேழு பேர். பதினாறு பேர் பாலக்கரையைச் சுற்றி, ஒருவர் ஸ்ரீரங்கத்தில். தெருவில் அவளுக்கு ஊசியம்மா என்று பெயர். காலைச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசி போட்டாக வேண்டும், அதனால்தான் அவளால் நகர முடியவில்லை என்று கிளமென்ட் முடிவுகட்டினான். ஒரே ஒரு ஆணியை நம்பி ஓடுகிற எஞ்சினை யாரும் நல்ல எஞ்சின் என்று சொல்ல மாட்டார்கள். பதினேழு பேருக்கும் தாங்களே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுத்துவிட்டால் அம்மாவுக்கு விடுதலை. ஒருவருக்கு ஒரு மணி நேரம் என்றாலும் ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு அவனும் உடன் கிளம்பினான்.

முதலில் கடைவீதிக்குப் பின்சந்தில் நசீரா வீடு. நாற்பது வயது, பீடி சுற்றுகிறவள். கதவைத் திறந்ததும் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவருதான் மகனா? எங்கம்மாவைக் கடத்திட்டுப் போக வந்தவரு?"

"கடத்தலைங்க. நீங்க மட்டும் ஊசி போட்டுக்கக் கத்துக்கிட்டீங்கன்னா…"

நசீரா சிரித்த சிரிப்பில் உள்ளே தூங்கிய யாரோ புரண்டு படுத்தார்கள். "எட்டு வருஷமா நானேதான் போட்டுக்கறேன் தம்பி. இப்பதான் போட்டு முடிச்சேன். சிரிஞ்சு அடுப்புல கொதிக்குது, போய்ப் பாருங்க."

சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டினாள். அம்மா தரையில் குந்தினாள். பையிலிருந்து டார்ச் லைட்டை எடுத்தாள். உள்ளங்கால், குதிகால், விரலிடுக்கு ஒவ்வொன்றாக வெளிச்சம் போனது. பிறகு புறங்கையை வைத்து எங்கே சூடு என்று தொட்டுப் பார்த்தாள்.

"நடுவிரலுக்குக் கீழ வெடிப்பு ஆழமாயிருக்கு. வெறுங்காலோட குழாயடிக்குப் போனியா?"

"ஒரே ஒரு நடைம்மா."

"பொய்."

"சரி, ரெண்டு நடை."

அடுத்தது அற்புதசாமி வாத்தியார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. இடது காலில் சாக்ஸ் போட்டுக்கொண்டு தயாராக இருந்தார்.

"இன்னைக்கு வேண்டாம் வியாகுலம். அருமையா இருக்கு."

"சாக்ஸைக் கழட்டுங்க சார்."

"இருக்கறது ஒத்தைக் கால். அதையும் தினம் தணிக்கை பண்றா" என்று கிளமென்ட்டிடம் புகார் சொன்னார். "தீவுக்குக் கூட்டிட்டுப் போறீங்களாமே? தாராளமா மூணு மாசம் வெச்சுக்குங்க. நான் நிம்மதியா இருப்பேன்."

அம்மா சாக்ஸைத் தானே கழற்றினாள். சுண்டுவிரல் ஓரத்தில் மிளகு அளவு கொப்புளம். வாத்தியார் கூரையைப் பார்த்தார்.

கடைசியில் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம். சித்திரை வீதியில் ரங்கநாயகி மாமி. முன்பெல்லாம் அம்மா தொட்டுவிட்டுப் போனதும் மாமி தலைக்குக் குளிப்பாளாம். அந்தப் பழக்கம் எப்போது விட்டுப்போனது என்று இருவருக்கும் நினைவில்லை. மாமிக்கு ஊசி போடுவது மருமகள். அது முடிந்து, காலைப் பலகையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"பெருமாளுக்குத்தான் திருவடி சேவைன்னு நெனச்சிண்டிருந்தேன். நேக்கும் தினம் நடக்கறது பாரு" என்றாள் கிளமென்ட்டிடம். "ஆத்துல ஏழு பேர் இருக்கா. என் மூஞ்சியைப் பார்ப்பா, கையைப் பார்ப்பா. காலை யாராவது திருப்பிப் பார்க்கறாளா, கேளு!"

கிளமென்ட் கூட்டிப் பார்த்தான். பதினேழில் பதின்மூன்று பேர் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள். நாலு பேருக்கு வீட்டிலிருப்பவர்கள் போடுகிறார்கள். அம்மா போட்ட ஊசி, பூஜ்யம். அவன் கற்றுக்கொடுக்க நினைத்ததை அவள் பல வருடங்களுக்கு முன்பே கற்றுக்கொடுத்து முடித்திருந்தாள்.

திரும்பும் பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்தது. பிப்ரவரிக் காவிரியில் மணல்தான் அதிகம்.

"வெறும் காலைப் பாக்கவா தினம் போறே?"

"சர்க்கரை உள்ள காலுக்கு வலி தெரியாதுடா. முள்ளு குத்தினாலும் தெரியாது, சீழ் வெச்சாலும் தெரியாது. யாராச்சும் பாத்தாதான் உண்டு."

"அதை வீட்டுல இருக்கறவங்க பாக்கட்டுமே."

"இவங்க காட்ட மாட்டாங்க. உங்கப்பா காட்டினாரா?"

கிளமென்ட் திரும்பிப் பார்த்தான். அப்பா அருள்நாதன் பட்டறை ஃபிட்டர். சர்க்கரையில் போனார் என்று அவனுக்குத் தெரியும். அப்போது அவன் பம்பாயில் பயிற்சியில் இருந்தான். அதற்கு மேல் அவனும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

"அந்த வருஷம் வேளாங்கண்ணிக் கொடியேத்தத்துக்கு நடந்து போனேன்ல? உனக்கு நல்ல வேலை கிடைக்கணும்னு வேண்டுதல். நடை அஞ்சு நாள், திருநாள் முடியற வரைக்கும் அங்கேயே இருந்துட்டு பஸ்ஸுல வந்தேன். மொத்தம் பதினாறு நாள். நான் போன மறுநாள் பூட்ஸுக்குள்ள ஒரு இரும்புச் சீவல். அவருக்குத் தெரியலை. தெரிஞ்சப்புறம் யாருகிட்டயும் சொல்லலை. துணியைச் சுத்திக்கிட்டு வேலைக்குப் போயிருக்காரு. நான் வந்து பூட்ஸைக் கழட்டச் சொன்னேன். கழட்டலை. நானே கழட்டினேன்."

பஸ் நின்றது, யாரோ இறங்கினார்கள், கிளம்பியது.

"டாக்டர் சொன்னாரு, பத்தாவது நாள் பாத்திருந்தாக்கூட விரலோட போயிருக்கும்னு. அதான் ஒன்பது. நான் கிளம்பற அன்னைக்கே ஒருத்தருக்குப் புண்ணு வந்தாலும், வந்து பாத்தா காப்பாத்திரலாம். பத்தாச்சுன்னா அங்க உக்காந்துக்கிட்டு நான் கடலைப் பாக்க மாட்டேன்."

டிக்கெட்டைக் கிளமென்ட் நாலாக, எட்டாக மடித்தான்.

ஆனாலும் தொண்ணூறை அவன் உடனே விட்டுவிடவில்லை. அன்று சாயங்காலம் கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கி வந்தான். ஒவ்வொருவர் காலையும் படமாக வரைந்து, வெடிப்பு எங்கே, காய்ப்பு எங்கே என்று குறித்துவிட்டால், படத்தோடு ஒப்பிட்டு வேறு யாராவது பார்த்துக்கொள்ளலாம் அல்லவா? கப்பலில் தேய்மானத்தை அப்படித்தான் குறித்து வைப்பார்கள்.

"சொல்லு" என்றான்.

அம்மா வேர்க்கடலை உரித்துக்கொண்டே சொன்னாள். நசீரா இடது: நடுவிரல் அடியில் வெடிப்பு, நெல் நீளம்; குதிகாலில் மூன்று, நடுவில் உள்ளது பழசு. நசீரா வலது: கட்டைவிரல் நகம் உள்ளே வளர்கிறது. வாத்தியார்: சுண்டுவிரல் கொப்புளம், உள்ளங்காலில் விரல்களுக்குக் கீழுள்ள மேட்டில் காய்ப்பு, எட்டணா அகலம். பதினேழு பேர், முப்பத்து மூன்று கால்கள். எங்கும் அவள் யோசிக்க நிற்கவில்லை. கடலை தீர்ந்தது, கால்களும் தீர்ந்தன.

மறுநாள் நோட்டோடு போய் ஒவ்வொரு காலையும் ஒப்பிட்டான். நெல் நீளம் என்றால் நெல் நீளம்தான். ஸ்கேல் வைத்துப் பார்த்தான், வாத்தியாரின் காய்ப்பு எட்டணா அகலம். ஸ்ரீரங்கத்தில்தான் ஒரு பிழை கிடைத்தது. மாமியின் இடது காலில் வரைந்திருந்த காய்ப்பு அங்கே இல்லை.

"இது தப்பும்மா" என்றான். குரலில் கொஞ்சம் வெற்றி இருந்தது.

அம்மா நோட்டை வாங்கிப் பார்த்தாள். "நான் வலதுன்னு சொன்னேன். இந்தப் படத்துல மட்டும் நீ உள்ளங்காலை மேல இருந்து பாக்கற மாதிரி வரைஞ்சிருக்கே. இடம் வலம் மாறிடுச்சு."

மாமியின் வலது காலைப் பார்த்தான். காய்ப்பு இருந்தது. பன்னிரண்டு வருடம் வரைபடத்தோடு பிழைத்தவன் செய்த பிழை அது. மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கிளமென்ட் ஓடுகிற எஞ்சினின் மேல் கை வைத்து எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்வான். அதற்குத் துறைமுகத்தில் அவனுக்கு மரியாதை உண்டு. ஆனால் அவனுக்கு அளவுமானி வேண்டும், பதிவேடு வேண்டும், முந்தைய மாதத்தின் எண்கள் வேண்டும். இவளுக்கு ஒரு டார்ச்சும் புறங்கையும். முப்பத்து மூன்று கால்களும் நேற்று எப்படி இருந்தன, அதற்கு முந்தின நாள் எப்படி இருந்தன என்பது அவளுக்குள் இருந்தது. அந்த முற்றத்தில் நோட்டைப் பிடித்துக்கொண்டு அவன் நின்ற நிலை கோயிலில் நிற்கிற நிலைதான். பிறந்ததிலிருந்து பார்க்கிற அம்மா. அவளை அதுவரை பார்த்ததில்லை என்று தோன்றியது.

மூன்றாம் நாள் நோட்டும் தோற்றது. நசீராவின் காலைப் படத்தோடு வைத்து, "மாற்றம் இல்லை" என்றான். அம்மா புறங்கையை வைத்தாள். "சூடு இருக்கு" என்றாள். அழுத்தியதும் வெடிப்பின் ஓரத்தில் துளி நீர் கசிந்தது. நசீராவை அன்றே மருத்துவமனைக்கு அனுப்பினாள். பத்து நாளில் ஆறிவிட்டது. படத்தில் இருப்பது முந்தாநாள் கால் என்று கிளமென்ட் புரிந்துகொண்டான். அதற்குப் பிறகு அவன் தொண்ணூறைப் பற்றிப் பேசவில்லை.

அந்த நோட்டு அவனிடம் இருக்கிறது. முப்பத்து மூன்று கால்களும் இருக்கின்றன. அம்மாவின் கால்கள் இல்லை. வரைய வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை.

ஒன்பதை மாற்ற முடியாது என்று ஆன பிறகு, அந்த ஒன்பதுக்குள் என்ன செய்யலாம் என்று பார்த்தான். மதராஸ், பம்பாய், ரோம், மால்டா என்ற வழியில் நாலு நாள் வீணாகிறது. ஜங்ஷன் பக்கத்து டிராவல் ஆபீசில் இரண்டு நாள் உட்கார்ந்து, விமான அட்டவணைகளை முன்னும் பின்னுமாகப் புரட்டினான். மூன்றாம் நாள் மத்தியானம் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தான்.

"அம்மா, திருச்சியிலேருந்தே கொழும்புக்கு பிளேன் இருக்கு. ஒரு மணி நேரம்தான். அங்கேருந்து ரோம். வியாழக்கிழமை கிளம்பினா போக ஒரு நாள், வர ஒரு நாள். தீவுல ஏழு நாள்!"

"மொத்தம்?"

"ஒன்பதுதான்."

அம்மா விரல் விட்டு எண்ணினாள். அவன் கணக்கை அவள் சரிபார்ப்பது அதுதான் முதல் முறை. சரியாக வந்தது.

"ஏழு நாள் அங்க என்னடா பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். நடக்கலாம். கடலோரமா பாதை இருக்கு. கல்லுப் பாதை."

"கல்லுப் பாதையா?" அவள் கொடியிலிருந்து சேலையை எடுத்தாள். "அப்ப வா, சாயங்காலம் ஆகறதுக்குள்ள கடைக்குப் போயிட்டு வருவோம். நல்ல செருப்பா ஒண்ணு வாங்கணும். புதுச் செருப்பு கடிக்கும். இப்பவே போட்டுப் பழகினாத்தான் மே மாசம் அங்க நடக்க முடியும்."