மங்கலம் வீட்டு மோட்டார் சுவிட்சு

கதவைத் தட்டினால் மங்கலம் உடனே திறந்துவிட மாட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லாவிட்டாலும் குழாயில் கையை நனைத்து, முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஏதோ பெரிய வேலையைப் பாதியில் விட்டு வந்தவளைப் போலத்தான் வருவாள். வெளியே தலையில் துண்டும், காதோரம் வழிகிற ஷாம்பு நுரையுமாக மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கும் மாணவி தீபிகா நிற்பாள்.

"ஆன்ட்டி, தண்ணி வரல."

"இந்த பில்டிங்குல எனக்கு ஒரு நிமிசம் நிம்மதி உண்டா? மோட்டார் போடு, மோட்டார் போடுன்னு உசுர வாங்கறீங்க."

சொல்லிவிட்டு உடனே போட்டுவிடுவாளா என்ன? "ஏன் இவ்ளோ லேட்டா குளிக்கற? காலேஜ் இல்லியா? நேத்து உங்கூட வந்துச்சே ஒரு பொண்ணு, அது எந்த ஊரு?" என்று ஆரம்பிப்பாள். அந்தப் பெண் புவனகிரி, அப்பா வாத்தியார், ஒரு தம்பி என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் மங்கலத்தின் விரல் சமையலறைச் சுவருக்குப் போகும். அதற்குள் நுரை காய்ந்துவிடும்.

அண்ணாமலை நகரில் பல்கலைக்கழகத்தை ஒட்டி இருக்கிறது வெள்ளாறு அப்பார்ட்மென்ட். பழைய கட்டடம். லிஃப்ட் கிடையாது, வாட்ச்மேன் கிடையாது. மேலே தண்ணீர் ஏற்றுகிற மோட்டாரின் சுவிட்சை, வயர் இழுத்தவன் எந்த நினைப்பில் இருந்தானோ, தரைத்தளத்து வீட்டுச் சமையலறைக்குள் கொண்டுபோய் மாட்டிவிட்டான். அந்த வீட்டுக்குத்தான் மங்கலம் வந்து சேர்ந்தாள். பேராசிரியராக இருந்தால் என்ன, அரியர் வைத்த பையனாக இருந்தால் என்ன, குளிக்க வேண்டுமென்றால் அவள் தயவு வேண்டும். யார் வீட்டுக்கு மாமியார் வந்திருக்கிறாள், யார் வீட்டில் இன்றைக்கு மீன் என்பதெல்லாம் அவள் வாசலுக்குத் தானாக நடந்து வந்தன.

கரண்ட் கட் வந்த வருஷங்களில் அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. கீரப்பாளையத்தில் தங்கை மகளின் கல்யாணத்துக்குப் போனவள், தாலி கட்டியதும் இலை போடுவதற்கு முன்பே பஸ் ஏறிவிட்டாள். "கரண்ட் வர்ற நேரம். நான் இல்லன்னா அவுங்க தண்ணிக்கு என்னா பண்ணுவாங்க?" பாயசம்கூடச் சாப்பிடாமல் வந்த கதையை மறுநாள் வீடு வீடாகச் சொன்னாள். கடலூரில் இருக்கும் மகள் இசைவாணி, "தனியா எதுக்கு கெடக்கற, எங்கூட வந்து இரும்மா" என்று போனில் கூப்பிடும்போதெல்லாம் பதில் ஒன்றுதான்: "நான் வந்துட்டா இங்க மோட்டார யாரு போடுவா?"

இப்படி அலுத்துக்கொள்வதில் ஒரு ஆபத்து உண்டு. கேட்கிறவர் நம்பிவிடுவார். அப்பார்ட்மென்ட் சங்கத்துச் செயலாளர் தட்சிணாமூர்த்தி நம்பிவிட்டார். பல்கலைக்கழக ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர், இளகின மனசுக்காரர்.

"மங்கலம்மாவ நாம ரொம்ப ஜாஸ்தி கஷ்டப்படுத்தறோம்," என்றார் கூட்டத்தில். "டேங்க்குல தண்ணி கொறஞ்சா தானா ஓடி, ரொம்பினா தானா நிக்கிற மாதிரி ஆட்டோமேட்டிக் வந்துருக்கு. அதப் போட்டுட்டா அவுங்களும் நிம்மதியா இருப்பாங்க."

எல்லாரும் மங்கலத்தைப் பார்த்துக் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். பாவம், வேறு என்ன செய்வாள்?

அதற்குப் பிறகு மோட்டார் தானாக உறுமியது, தானாக அடங்கியது. சுவிட்சு இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தகடு. தீபிகா கழுவிய தலையோடு, "பை ஆன்ட்டி" என்று சொல்லிக்கொண்டே வாசலைத் தாண்டி ஓடினாள். ஒருத்தரும் கதவைத் தட்டவில்லை. "யாரக் கேட்டு ஓடுது இது?" என்று மோட்டார் சத்தம் கேட்கும்போதெல்லாம் மங்கலம் முணுமுணுத்தாள்.

இசைவாணி விடுவாளா? "இப்பதான் ஆட்டோமேட்டிக் வந்துடுச்சே. இனிமே என்னா சாக்கு சொல்லுவ? ஞாயித்துக்கெழம நாங்க வந்து கூட்டிட்டுப் போறோம்." மகள் தங்கமானவள்தான். மருமகனும் சிப்காட்டில் நல்ல வேலையில் இருக்கிறான். ஆனால் அந்த வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, யாரும் யாரையும் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை. போனை வைத்துவிட்டு அந்த வெள்ளைத் தகட்டின் முன்னால் நின்று அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளும் மருமகனும் வந்துவிட்டார்கள். பை தயாராக இருந்தது.

"மொட்ட மாடியில மொளகா காயுது. எடுத்தாந்துடறேன்," என்றாள் மங்கலம்.

"முட்டி வலின்னு மாடிப் பக்கமே போவ மாட்டியே. நான் போறேன்."

"நீ உக்காரு. வெயிலு."

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று ஏறினாள். மிளகாயை முறத்தில் வாரினாள். டேங்க்குக்கு அடியில், எல்லா வீடுகளுக்கும் இறங்குகிற குழாயில், துருப்பிடித்த வால்வு ஒன்று இருந்தது. முறத்தைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அதைத் திருகினாள், இனித் திரும்பாது என்கிற வரைக்கும்.

கீழே வந்து கதவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"கெளம்பலாமா?" என்றாள் இசைவாணி.

"இரு. மூச்சு வாங்குது."

மூச்சு அடங்கிய பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. மருமகன் கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றான். அப்போது கதவு தட்டப்பட்டது.

"ஆன்ட்டி, தண்ணி வரல."

பின்னாலேயே தட்சிணாமூர்த்தியின் குரல்: "மங்கலம்மா, ஆட்டோமேட்டிக்குக்கு என்னமோ ஆயிடுச்சு. செத்த வந்து பாருங்களேன், பாதி சேவிங்குல நிக்கறேன்."

"பாத்தல்ல?" என்றாள் மங்கலம் மகளிடம். "நான் எங்கருந்து கெளம்பறது?"

பையைக் காலாலேயே கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். கையை நனைக்கக் குழாயைத் திறந்தாள். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. குடத்துக்குள் கையை விட்டு நனைத்து, முந்தானையில் துடைத்துக்கொண்டே, மெதுவாகக் கதவைத் திறக்கப் போனாள்.