சூரியத்தட்டில் காய்ந்த வடகம்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்களின் வீட்டுச் சுவரும் என் கல்லில்தான் நிற்கிறது. சாவகச்சேரிச் சந்தையில் மூட்டை சுமந்த காசில் ஒரு கை அச்சு வாங்கி, சீமெந்துக் கல் அரிந்து விற்கத் தொடங்கினேன். இன்று தென்மராட்சியில் எந்த ஒழுங்கைக்குள் போனாலும் என் கல்லில் எழும்பிய வீடு ஒன்றாவது இருக்கும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொல்வதென்றால் இன்னும் நிறைய இருக்கிறது.

உதாரணத்துக்கு, எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு நான் தலைவராக இருந்தது. பேப்பர் படிக்க ஒரு அறை, கூட்டம் வைக்க ஒரு மண்டபம், அவ்வளவுதான் நிலையம். ஆனால் தலைவருக்குக் கைபிடி வைத்த முதிரைக் கதிரை உண்டு. மற்றவர்களுக்குப் பிளாஸ்ரிக் கதிரை. அந்த முதிரைக் கதிரையில் பத்துப் பதினொரு வருடம் இருந்தேன்.

கதிரைக்காக மட்டும் இருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் பேப்பரில் மரண அறிவித்தல் போடுவார்கள். பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர் என்றோ இளைப்பாறிய தபாலதிபர் என்றோ வரும். படித்தவனுக்கு அது தானாக வரும். எனக்கு அந்த அடைப்புக்குறிக்குள் போட இருந்தது ஒரே ஒரு சொல், தலைவர். என் அறிவித்தலை நானே எழுதி அலுமாரியில் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் கனடாவில், அவர்களை நம்பினால் எழுத்துப் பிழையோடு போடுவார்கள். பதவியில் இருக்கும்போது செத்தால் தலைவர். பதவி போனபிறகு செத்தால் முன்னாள் தலைவர். அந்த முன்னாள் வராமல் இருக்கத்தான் வருடா வருடம் பொதுக்கூட்டத்தில் போட்டியிட்டேன். எதிரே நிற்பவர் எப்போதும் ஒருவர்தான், இளைப்பாறிய கணக்கு மாஸ்டர். அவருக்கு ஏற்கனவே அடைப்புக்குறி நிரம்பிப்போயிருந்தது. என்றாலும் விடமாட்டார்.

அந்த வருடம் காலநிலைச் சட்டம் ஒன்று வரப்போகிறது என்று பேப்பரில் எழுதிக்கொண்டே இருந்தார்கள். புகை கூடியதால் வெய்யில் ஏறுகிறது, கடல் ஏறுகிறது, அதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்றார்கள். எங்கள் சனம் சட்டம் நல்லதா கெட்டதா என்று கேட்கவில்லை. வீட்டுக்கு எவ்வளவு வரும் என்றுதான் கேட்டது. ஆகவே மாசி மாதத்தில் இரண்டு அரசியல்காரரைக் கூப்பிட்டு நிலையத்தில் விவாதம் வைத்தோம். தலைமை நான்.

முதலில் பேசியவர் சட்டம் வந்தால் செலவு கூடும் என்றார். காஸ் கூடும், மண்ணெண்ணெய் கூடும், தோட்டத்துக்கு நீர் இறைக்கிற செலவு கூடும், கடைசியில் விறகுக்கும் வரி வரும் என்றார். சனம் பெருமூச்சு விட்டது. அடுத்தவர் செலவு குறையும் என்றார். வெய்யிலுக்குக் காசில்லை, காற்றுக்குக் காசில்லை, கொஞ்சக் காலம் பொறுத்தால் எல்லாம் மலிவு என்றார். சனம் அதற்கும் பெருமூச்சு விட்டது. ஆளுக்கொரு தொகை சொன்னார்கள். இரண்டையும் கேட்டபின் என் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். அதில் ஒரு மாற்றமும் இல்லை.

அப்போது வெங்காயத் தோட்டம் செய்கிற ஒரு மனிசி எழும்பினார். பேசும்போது இரண்டு பேரையும் பார்க்காமல் கூரையைப் பார்த்துப் பேசினார்.

"சண்டைக்காலத்திலை கறண்டே இல்லாமல் எத்தினை வருசம் இருந்தனாங்கள். ஜாம் போத்திலிலை திரி போட்டுத்தான் பிள்ளையளைப் படிப்பிச்சனாங்கள். உலகத்தைச் சூடாக்கினது நாங்களோ? அந்த வருசங்களைக் கழிச்சுப்போட்டு மிச்சத்துக்கு வந்து காசு கேக்கச் சொல்லுங்கோ."

அரசியல்காரர் இரண்டு பேரும் கை தட்டினார்கள். அந்த மனிசி தன் பக்கம் என்று இரண்டு பேருமே நினைத்தார்கள்.

அதோடு கூட்டத்தை முடித்திருக்கலாம். மாஸ்டர் விடவில்லை. சட்டம் வந்தால் வசதி உள்ளவன் கூரையில் சோலார் பூட்டித் தப்பிவிடுவான், மற்றச் சனம்தான் கூட்டிக் கட்டவேண்டி வரும் என்றார். வசதி உள்ளவன் என்று சொன்னபோது என்னைப் பார்த்தார். ஊரில் முதன்முதலாகச் சோலார் பூட்டியது நான்தான். பகலில் கூரை கொடுக்கிற கறண்ட் அரசாங்கத்துக்குப் போகும், நாங்கள் எடுக்கிறது அதில் கழியும். எடுத்ததிலும் கூடக் கொடுத்தால் கட்டவேண்டியதில்லை. மாஸ்டர் மேலும் சொன்னார், உதெல்லாம் காட்சிக்குத்தான், பில் வரும்போது பார்க்கத் தெரியும் என்று.

தலைவர் என்றால் நடுவில் நிற்கவேண்டும். எனக்கு அது தெரியும். ஆனால் என் கூரையைச் சொன்னால் நான் நடுவில் நிற்க மாட்டேன்.

"மாஸ்டர் கணக்குப் படிப்பிச்சவர். நான் கணக்கைச் செய்து காட்டினவன்" என்றேன். "சித்திரை மாத லைற் பில்லைப் பொதுக்கூட்டத்திலை எல்லாருக்கும் முன்னாலை வாசிக்கிறன். அதிலை நான் ஒரு சதம் கட்டவேண்டி வந்தால் இந்தக் கதிரையிலை இருக்கமாட்டன்."

"செயலாளர், உதைக் கூட்டக் குறிப்பிலை எழுதும்" என்றார் மாஸ்டர்.

செயலாளர் எழுதினார். எனக்குக் கொஞ்சமும் பயமில்லை. யாழ்ப்பாணத்துச் சித்திரை வெய்யிலை நம்பாதவன் வேறு எதை நம்புவான்?

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி, ஏன் இந்தத் தேவையில்லாத சபதம் என்று கேட்டார். அவர் ஏழாம் வகுப்பு. எங்கள் வீட்டில் படித்த ஆள் அவர்தான். அவருக்கு விளங்கட்டும் என்று என் சோலாரின் சிறப்பை எடுத்துச் சொன்னேன். கல்வீட்டின் பின்பக்கம் தட்டையான கொங்கிறீற் கூரை. அதில்தான் பூட்டியிருந்தது.

"அந்தக் கண்ணாடி எவ்வளவு சூடு தெரியுமே? முட்டையை உடைச்சு ஊத்தினால் பொரிஞ்சிடும். தூசி இல்லை, கோழி ஏறாது, நாய் வராது. காலமையிலையிருந்து பின்னேரம் மட்டும் ஒரு நிழல் விழாது."

"சரிவு கூடவோ?" என்று கேட்டார்.

"எங்கடை வெய்யிலுக்குக் கொஞ்சச் சரிவே போதும். ஒரு பாயை விரிச்சாலும் வழுக்காது."

"ஓம்" என்றார் மனைவி. இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் என் பேச்சை இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. எனக்குச் சந்தோசமாக இருந்தது. பாயைப் பற்றி நானே சொன்னது இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

பங்குனியில் வேம்பு பூத்தது. எங்கள் பக்கத்தில் வேப்பம்பூவை உழுந்தோடும் மிளகாயோடும் வெங்காயத்தோடும் குழைத்து, வட்டம் வட்டமாகத் தட்டி வடகம் போடுவார்கள். நாலைந்து நாள் நல்ல வெய்யில் வேண்டும். மற்ற வருடங்களில் முற்றத்தில் பாய் விரித்து, பக்கத்தில் தடியோடு காவல் இருப்பார் மனைவி. காகம், கோழி, அணில் எல்லாவற்றுக்கும் ஏச்சு விழும். அந்த வருடம் ஏச்சுச் சத்தமே இல்லை. நான் அதைக் கவனித்தேனா? இல்லை. காலையில் கல் அரிகிற இடத்துக்குப் போனால் பின்னேரம்தான் திரும்புவேன். முழங்கால் நோவால் கூரைக்கு ஏறுவதும் இல்லை. சோற்றோடு பொரித்த வடகம் வந்தது. நல்ல கரகரப்பு. சாப்பிட்டேன், பாராட்டினேன்.

வருடப்பிறப்புக்கு வந்த மாஸ்டருக்கும் அந்த வடகத்தோடுதான் சாப்பாடு போட்டோம். எதிரி என்றாலும் எங்கள் வீட்டுக்கு வந்தால் சாப்பிட்டுத்தான் போகவேண்டும். தங்கள் வீட்டு வடகமும் இந்த முறை இதே பதம்தான், மனிசிக்கு இந்த வருடம் கை நன்றாக வந்திருக்கிறது என்று சொன்னார். நான் அதையும் கவனிக்கவில்லை.

பிறகு பில் வந்தது.

முதலில் அடுத்த வீட்டுப் பில்லை மாறித் தந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பெயர் என் பெயர்தான். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். தொகை அப்படியே இருந்தது. சோலார் பூட்டுவதற்கு முந்திய காலத்தில் வந்த பில்லுக்கு அண்ணை தம்பி போல இருந்தது.

சோலார் பூட்டின இஞ்சினியருக்குப் போன் எடுத்து, நீர் எனக்குப் பழுதான சாமானை விற்றிருக்கிறீர் என்று ஏசினேன். அவர் நல்ல பொறுமைசாலி. மோட்டார்சைக்கிளில் வந்து, நேரே கூரைக்கு ஏறினார். பத்து நிமிடம் கழித்து இறங்கினார். வாயில் எதையோ மென்றுகொண்டு வந்தார்.

"ஐயா, உங்கடை சோலாரிலை ஒரு பழுதும் இல்லை" என்றார். "உப்புத்தான் கொஞ்சம் கூட."

நான் முழங்காலைப் பாராமல் ஏறினேன். என் சூரியத்தட்டுகள் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. பழைய வேட்டிகளும் சேலைகளும் விரித்திருந்தன. அவற்றின் மேல் வடகம், மோர் மிளகாய், ஒரு ஓரத்தில் பனங்கிழங்கைக் கிழித்துக் காயவிட்ட ஒடியல். எல்லாவற்றுக்கும் மேலே காகத்துக்காக நைலோன் வலை. இவ்வளவு ஒழுங்காக என் கல்லைக்கூட நான் அடுக்கியதில்லை. மூடிய தட்டு கறண்ட் தராது, ஒன்றிரண்டை மூடினாலே மற்றவற்றையும் அது இழுத்துவிடும் என்று கீழே நின்று இஞ்சினியர் விளங்கப்படுத்தினார்.

மனைவியைக் கேட்டேன். அவர் பயப்படவும் இல்லை, அழவும் இல்லை.

"நீங்கள்தானே சொன்னியள், தூசி இல்லை, கோழி ஏறாது, பாய் வழுக்காது எண்டு."

"அது பேச்சுக்குச் சொன்னது."

"நாலு நாளிலை காயிறது ரெண்டு நாளிலை காய்ஞ்சுது. ஒழுங்கையிலை இருக்கிற எல்லாரும் வந்து கேட்டினம். மாஸ்டர் வீட்டம்மாவும் கேட்டவ. நான் என்னெண்டு மாட்டன் எண்டுறது?"

பொதுக்கூட்டத்துக்கு மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. குறிப்பாக வடகம் சாப்பிடவில்லை. உண்மையைச் சொன்னால் தன் கூரையில் என்ன நடக்கிறது என்றே தெரியாத தலைவர் என்று சிரிப்பார்கள். சொல்லாவிட்டால் சோலார் பொய், சட்டம் பொய், நான் பொய் என்று மாஸ்டர் வெல்வார். எந்த வழியால் போனாலும் அந்த முன்னாள் என்ற சொல் வாசலில் நின்றது. கூட்டத்தன்று காலையில் மனைவி, உள்ளதைச் சொல்லுங்கோ என்றார். நான் தலையாட்டினேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. விவாதத்துக்கு வந்ததிலும் கூடச் சனம். பில்லை வாசித்தேன். தொகையைச் சொன்னபோது குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. பின்னால் இருந்தவர்கள் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். திரும்பச் சொன்னேன். பிறகு என் வாய் என்னைக் கேட்காமல் ஒன்று சொன்னது.

"மீற்றரிலை ஒரு சின்னப் பிழை."

பெண்கள் பக்கத்தில் மனைவி எழும்பினார்.

"மீற்றரிலை பிழையில்லை. சோலாருக்கு மேலை நாங்கள் வடகம் காயவிட்டனாங்கள். பில்லும் கட்டியாச்சு. மிஞ்சின வடகத்தை வெளிநாட்டிலை இருக்கிற எங்கடை சனத்துக்கு வித்த காசிலைதான் கட்டினது."

மண்டபம் சிரித்த சிரிப்பில் யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மாஸ்டர் மட்டும் எழும்பி, சிரிப்பு அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வீட்டுக்கூரையை இப்படி வீணாக்கிய பெண்கள் யார் யார் என்று சபை அறியவேண்டும் என்றார்.

"வேறை ஆக்களை விடுங்கோ மாஸ்டர்" என்றார் என் மனைவி. "வருசப்பிறப்பண்டு உங்கடை வீட்டிலை பொரிச்சதும் எங்கடை கூரையிலை காய்ஞ்சதுதான்."

மாஸ்டர் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா தன் கைப்பையைத் திறந்து எதையோ தேடத் தொடங்கினார்.

அப்போதுதான் அந்த வெங்காயத் தோட்ட மனிசி கேட்டார். "அப்ப இவையின்ரை வீட்டுச் செலவு கூடினதோ, குறைஞ்சதோ?"

நல்ல கேள்வி. அரசியல்காரர் இரண்டு பேராலும் சொல்ல முடியாதது. மாஸ்டர் கரும்பலகைக்குப் போய், பில் ஒரு பக்கம், வடகம் ஒரு பக்கம் எழுதினார். அழித்தார். முற்றத்தில் தடியோடு காவல் இருக்காத நேரத்துக்கு என்ன விலை என்று பெண்கள் கேட்டார்கள். அதையும் எழுதினார். அழித்தார். கை முழுக்கச் சோக்குத் தூளோடு, யோசித்துப் பிறகு சொல்கிறேன் என்றார். இன்னும் சொல்லவில்லை.

ஒன்றைச் சொல்லவேண்டும். மாஸ்டர் அன்று பெரிய மனிதனாக நடந்தார். வடகத்தால் வந்த பிழைக்குத் தலைவர் பதவி விலகத் தேவையில்லை என்றார். சபையும் ஓம் என்றது. நான் இருந்திருக்கலாம். முதிரைக் கதிரை என் முதுகுக்குப் பழகிப்போன கதிரை. ஆனால் ஒரு சதம் கட்டவேண்டி வந்தால் இருக்கமாட்டேன் என்று சொன்னது நான். மீற்றர் என்று சொன்னதும் நான். வெடித்த கல்லைச் சீமெந்து பூசி விற்றவன் என்று என்னை ஒருவரும் இன்றுவரை சொன்னதில்லை. எழும்பினேன். ஊரில் பதவியைத் தானாக விட்டவன் நான் ஒருவன்தான்; இதையும் பெருமைக்குச் சொல்லவில்லை.

மாஸ்டர் தலைவரானார். அவருடைய முதல் வேலை, அந்தச் சட்டத்தைப் பற்றி எங்கள் ஊரின் அபிப்பிராயத்தை எழுதி அனுப்பியது. செலவு கூடும் என்றும் எழுதவில்லை, குறையும் என்றும் எழுதவில்லை. கூரையில் எதையாவது பூட்டச் சொல்லுமுன், அந்தக் கூரையில் ஏற்கனவே என்ன வேலை நடக்கிறது என்று வீட்டுப் பெண்களிடம் கேட்கவேண்டும் என்று எழுதினார். அது என் மனைவி சொன்ன வசனம். நானும் கையெழுத்துப் போட்டேன், சாதாரண அங்கத்தவராக, பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து.

அன்று பின்னேரம் அலுமாரியைத் திறந்து என் மரண அறிவித்தலை எடுத்தேன். தலைவர் என்ற சொல்லுக்கு முன்னால் இடம் கொஞ்சம்தான் இருந்தது. நெருக்கி, முன்னாள் என்று எழுதினேன். எட்டிப் பார்த்த மனைவி, எழுத்து மங்கலாக இருக்கிறதே, பேனா இல்லையா என்று கேட்டார்.

பேனா இருக்கிறது. அடுத்த சித்திரையிலும் பொதுக்கூட்டம் இருக்கிறது. பென்சிலால்தான் எழுதினேன்.