லட்சங்கள் போன தை மாதம்

நான் கணக்கில் மடையன். இத்தாலியின் பழைய காசான லீரா செத்து இருபது வருடத்துக்கு மேலாகியும் எதையும் லீராவில் பெருக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன். நேற்று இங்கே பலேர்மோவில், வுச்சீரியாச் சந்தையில் கோப்பி குடித்துவிட்டு, மூவாயிரம் லீராவா என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். கடைக்காரன் தண்ணீர் தந்தான், பாவம்.

மிச்சக் காசில் ஒன்றின் முதுகில் யாழ் இருந்தது. அயர்லாந்தில் அடித்த காசு. அங்கிருந்து பலேர்மோவரை வர அதற்கு பெர்மெஸ்ஸோ தேவைப்படவில்லை. குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோர் வாசலில் குளிரில் வரிசையில் நிற்கவுமில்லை. அந்த வதிவிட அனுமதிக்காக நான் தேய்த்த செருப்புகளை நினைத்தால், காசாகப் பிறந்திருக்கலாம் போலிருக்கும்.

யூரோவுக்கு முன் எங்கள் குடும்பத்தில் மூன்று காசு. பாரிசில் அண்ணாவிடம் பிராங், ஜெர்மனியில் அக்காவிடம் மார்க், என்னிடம் லீரா. யூரோ வந்த வருடம் அண்ணா இங்குள்ள சாந்தா ரோசாலியா மலைக்கோயிலுக்கு நேர்த்தி வைத்து வந்தார். பாரிஸ் ரயிலுக்கு வைத்திருந்த சில்லறையைப் பையிலிருந்து எடுத்து, இங்கே மெழுகுதிரி வாங்கி ஏற்றினார். யுத்தம் ஆளுக்கொரு நாட்டில் எறிந்த எங்களை ஒரு சில்லறைக் காசு ஒரே வீட்டுக்காரர் ஆக்கிவிட்டதே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"காசைக் கண்டு அழுறவனை இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்றார் அண்ணா.

ஆனால் அந்த வருடம் தை மாதம் நான் அழுதது வேறு காரணத்துக்கு. லீரா நாளில் பலேர்மோத் தமிழர் எல்லோரும் லட்சாதிபதிகள். ஊருக்குப் போன் எடுத்தால் சம்பளத்தை ரூபாயாக்காமல் லீராவிலேயே சொல்வது வழக்கம். பக்கத்தில் நிற்பவன் திருத்தமாட்டான்; அடுத்து அவனும் சொல்லவேண்டுமே! ஒரேத்தோத் தெருவில் ஒரு இத்தாலியச் சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்த நானும் மன்னாரில் பெண்வீட்டாருக்கு, "மாதம் பன்னிரண்டு லட்சம்" என்றிருந்தேன். பேச்சு முற்றாகும் நேரத்தில் யூரோ வந்து சேர்ந்தது.

"தம்பி, சம்பளம் பழையபடிதானே?" என்று பெண்ணின் அப்பா போனில் கேட்டார்.

"இப்ப அறுநூறு, மாமா."

"அறுநூறோ! வேலையிலை ஏதும் பிழை விட்டனீரோ?"

"இல்லை மாமா, நாட்டிலை காசையே மாத்திப்போட்டாங்கள்."

"உமக்காக ஒரு நாடு காசை மாத்தினதோ? நல்லாக் கதைக்கிறீர்."

போன் கார்ட் தீரும்வரை விளக்கினேன். கன நாடு சேர்ந்து ஒரே காசு. பெறுமதி குறையவில்லை, சுழியங்கள்தான் போயின. "யோசிச்சுச் சொல்லுறன்" என்று வைத்துவிட்டார். படத்தில் மட்டும் பார்த்திருந்த பெண் கைவிட்டுப் போகிறாள் என்று, துடைத்த தரையையே திரும்பத் திரும்பத் துடைத்தேன். தவக்காலத்துக்குச் சற்று முன்னர்தான் பங்குச் சாமி மூலம் செய்தி வந்தது: பெண்வீட்டில் சம்மதம். என் பொருளாதார விரிவுரையின் வெற்றி என்று இன்றுவரை பிரான்காச்சோப் பக்கம் போகும் பஸ்ஸில் கூட வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லி வந்திருக்கிறேன்.

லட்சங்கள் போயின. சுரண்டி இலக்கம் பார்க்கும் போன் கார்டுகள் போயின. மாமாவும் போய்விட்டார். நேற்றிரவு சாப்பிடும்போது அவர் நினைவு வந்து மனைவியிடம் சொன்னேன்:

"உம்மடை அப்பா வலு கெட்டிக்காரன். நான் யூரோவை விளங்கப்படுத்தினதும் ஓமெண்டிட்டாரே."

அவள் சோற்றிலிருந்து தலை நிமிரவில்லை.

"அவர் வேண்டாமெண்டவர், நான்தான் ஓமெண்டனான்."