கொப்பு முறித்து நட்டால் வருகிற மரம்

எங்கள் வீட்டுப் பின்கொட்டிலில் ஓர் இரும்பு அலவாங்கு சுவரோடு சாத்தியிருக்கிறது. நிலம் கிண்டுகிற எல்லா அலவாங்கையும் போன்றதுதான். ஆனால் நுனி மட்டும் ஒரு விரற்கடை இடப்பக்கமாக வளைந்துபோயிருக்கிறது. வேலிக்குக் கதியால் தடி ஊன்ற வருகிறவர்கள் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, கொல்லனிடம் கொடுத்து நிமிர்த்தினால் என்ன என்று கேட்பார்கள். பார்ப்போம் என்பேன். முப்பது வருடத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டேயிருக்கிறேன். அந்த வளைவு 1990இல் ஐயாவும் நானும் குண்டுக்குப் பதுங்கப் பங்கர் குழி வெட்டிய அன்று வந்தது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் அக்காவின் செவ்வரத்தைப் பூமரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அக்காவுக்கு 1983 தை மாதத்தில் கலியாணம். அத்தான் கொழும்பில் ஒரு புடைவைக் கடையில் வேலை. சித்திரை வருடப்பிறப்புக்கு ஊருக்கு வந்தபோது ஈரச் சாக்கில் சுற்றி ஒரு முழ நீளக் கொப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். எங்கள் ஊரில் அப்போது ஐந்து இதழ்ச் சிவப்புச் செவ்வரத்தைதான். இது அடுக்கு, றோசாப்பூ நிறம் என்றார். இரவு முழுக்க றெயினில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்ததாகச் சொன்னபோது அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எங்கே நடுவது என்று ஐயாதான் காட்டினார். அவர் வெங்காயமும் புகையிலையும் செய்த தோட்டக்காரர். மண்ணைப் பற்றி அவருக்குச் சொல்ல ஆளில்லை. எங்கள் வளவில் எங்கே தோண்டினாலும் முழங்காலளவில் சுண்ணாம்புக்கல் வந்துவிடும். அவருடைய தகப்பன் காலத்துக் குப்பைக் கிடங்கு ஒன்று தூர்ந்து கிடந்த இடத்தில் மட்டும்தான் மண் ஆழம். அந்த இடத்தில் நட்டார்கள். "நான் ஆவணியிலை வரேக்கை இது பூத்திருக்க வேணும், இல்லாட்டித் திருப்பிக் கொண்டுபோயிடுவன்" என்று அத்தான் அக்காவைச் சீண்டிவிட்டுப் போனார்.

ஆடியில் கொழும்பு எரிந்தது. தமிழரைத் தேடித் தேடி அடித்தார்கள். அகதிகளை ஏற்றிக்கொண்டு காங்கேசன்துறைக்கு வந்த ஒவ்வொரு கப்பலுக்கும் ஐயா சைக்கிளில் போய்த் துறைமுகத்தில் நின்றார். அதே கடையில் வேலை செய்த ஒருவரை மட்டும் கண்டார். அத்தான் பின்கதவால் ஓடினதைப் பார்த்தேன், அதற்குப் பிறகு தெரியாது என்று அவர் சொன்னார். இன்றுவரை எங்களுக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். ஆவணியில் செவ்வரத்தை சொன்ன சொல் தவறாமல் பூத்தது.

அதற்குப் பிறகு அது பூக்காத மாதத்தை நான் கண்டதில்லை. கச்சான் காற்றில் தோட்டத்துப் பயிரெல்லாம் சுருண்டு கிடக்கும்போதும் அதில் நாலு பூ இருக்கும். காலையில் விரிந்து பின்னேரம் வாடிவிடுகிற பூ. அடுத்த நாள் வேறு நாலு. அக்கா அதற்கு மீன் கழுவிய தண்ணீர் ஊற்றுவாள். வெள்ளைப் பூச்சி பிடித்தால் அடுப்புச் சாம்பலை விடியப் பனியோடு தூவுவாள். மாரி முடிந்ததும் கத்தியோடு நின்று ஈவிரக்கமில்லாமல் கொப்புகளை வெட்டுவாள். பயந்து பயந்து வெட்டினால் பூ சிறுத்துப்போகும் என்பாள். வெட்டிய கொப்புகளைக் கேட்டு ஒழுங்கையில், எங்கள் சின்னத் தெருவில், உள்ள பெண்கள் எல்லாரும் வருவார்கள். ஒருவருக்கும் இல்லையென்று சொன்னதில்லை. இரண்டு மூன்று வருடத்தில் எங்கள் ஒழுங்கை முழுக்க அதே றோசாப்பூ நிறம்தான். நாங்கள் இதையெல்லாம் கண்ணால் பார்த்தோம். பார்த்தும் எங்கள் மூளையில் அது ஏறவில்லை.

ஏறாததற்குக் காரணம் எங்கள் வீட்டு வழக்கம். அத்தானின் பேச்சை அக்கா முன்னால் எடுப்பதில்லை என்று யாரும் கூடியிருந்து தீர்மானிக்கவில்லை. அது தானாகவே வந்தது. கலியாணக் கடிதம் வந்தால் அம்மா அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவிடுவாள். கொழும்பு என்ற சொல்லைக் கூட ஐயா விழுங்கிவிட்டு "அங்காலை" என்பார். அக்காவிடம் எதைக் கேட்பதென்றாலும் முதலில் அம்மாவிடம் கேட்டு, அம்மா ஐயாவின் முகத்தைப் பார்த்து, கடைசியில் கேட்காமலே விட்டுவிடுவோம். இதற்குப் பெயர் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவளும் கேட்கப்படாமலே குங்குமப் பொட்டோடு நடமாடினாள். ஊரில் சிலர் அந்தப் பொட்டைப் பற்றிக் கதைத்தார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடலாமா?

தொண்ணூறாம் ஆண்டு நடுப்பகுதியில் மறுபடி சண்டை தொடங்கி, பொம்மர் நாள்தோறும் வரத் தொடங்கியது. குண்டு போடுகிற விமானத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். வீட்டுக்கு வீடு பங்கர் வெட்டினார்கள். ஐயா அலவாங்கைத் தூக்கிக்கொண்டு நேரே செவ்வரத்தையடிக்குப் போனார். நான் மண்வெட்டியோடு பின்னால் போனேன். அவர் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். மரம் அவர் உயரத்துக்கு வளர்ந்து பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "வேண்டாம் தம்பி. அக்காட்டை ஒண்டும் கதைக்காதை. அவள் நொந்துபோவாள்" என்றார். இரண்டு பேரும் போய் மாமரத்தடியில் வெட்டினோம். முழங்காலளவில் கல் வந்தது. ஐயா ஓங்கிக் குத்தினார், நெருப்புப் பொறி பறந்தது, அலவாங்கின் நுனி வளைந்தது. இரண்டு நாள் மாரடித்தும் இடுப்பளவுக்கு மேல் போகவில்லை. மேலே பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்டு அதற்குப் பங்கர் என்று பெயர் வைத்தோம்.

ஐயா பருத்த உடம்பு. ஒரு முழங்கால் மடங்காது. நாலு பேரும் உள்ளே போனால் மூச்சு முட்டும். "நான் வாசல்லை இருக்கிறன், காத்தும் வரும்" என்று அவர் எப்போதும் வாசலில் முதுகைச் சாய்த்துக்கொண்டு இருப்பார். பொம்மரைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டுவார். எங்களுக்கு அந்தப் பயத்திலும் சிரிப்பு வரும். ஒரு முற்பகல் பக்கத்து ஒழுங்கையில் குண்டு விழுந்தது. காது அடைத்துப் புழுதி அடங்கியபோது அவர் இருந்தபடியே இருந்தார். சால்வை தோளில் இருந்தது. திட்டவில்லை. நான் அவருடைய தோளைத் தொட்டபோது முழுப் பாரமும் என்மேல் சாய்ந்தது. பிடரியில் ஒரு சின்னத் துண்டுதான் பட்டிருந்தது. உள்ளே ஒரு முழம் இடமிருந்திருந்தால் அது அவருக்கு மேலால் போயிருக்கும்.

ஐயாவின் எட்டாம் நாள் காரியமான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் காலையில் அக்கா மாமரத்தடிக்கு வந்து அந்தப் பங்கருக்குள் எட்டிப் பார்த்தாள். செத்த வீட்டுக் கூட்டத்துக்குள் அவளுக்கு யோசிக்க நேரமிருக்கவில்லை போலும். அடியில் வெள்ளையாகத் தெரிந்த கல்லைக் கண்டுவிட்டு என்னிடம் கேட்டாள்.

"குப்பைக் கிடங்கடியிலை ஏன் வெட்டேல்லை?"

"உங்கடை செவ்வரத்தையெல்லோ நிண்டது" என்றேன்.

அவள் அழவில்லை. சத்தமும் போடவில்லை. "கொப்பு முறிச்சு நட்டா வாற மரமடா அது. ஒழுங்கை முழுக்க நிக்குது. என்னட்டை ஒரு சொல்லுக் கேக்கேல்லையே" என்றாள். பிறகு கொட்டிலுக்குப் போய் வளைந்த அலவாங்கை எடுத்துக்கொண்டு வந்து செவ்வரத்தையைக் கிண்டத் தொடங்கினாள். நான் வாங்கப் போனபோது தரவில்லை. அம்மா குசினிக்குள் அடுப்படியில் இருந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மத்தியானத்துக்குள் மரம் சரிந்தது. அதை இழுத்துக் கிணற்றடி வேலிப்பக்கம் எறிந்துவிட்டு அவள் மேலும் வெட்டினாள். நானும் இறங்கினேன். நெஞ்சளவுக்குப் போனோம். ஒரு கல்லுக்கூட வரவில்லை. அன்று பின்னேரம் முழுகிவிட்டு வந்தவளின் நெற்றியில் திருநீறு மட்டும் இருந்தது. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. அவ்வளவு பட்டும் கேட்கவில்லை.

அந்தப் புதுப் பங்கரில் நாலு பேர் கால் நீட்டி இருக்கலாம். நாங்கள் மூன்று பேர். ஐந்து வருடம் பொம்மர் வந்த போதெல்லாம் அதற்குள் இறங்கினோம். ஒவ்வொரு முறையும் வலது பக்க மூலையில் ஓர் ஆளுக்கு இடம் மிச்சமாக இருந்தது. மூன்று பேரும் அந்த இடத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டோம். இதற்கு யார் காரணம் என்று நான் யோசிக்காத நாளில்லை. குண்டு போட்டவனை வைது முடிந்த பிறகும் ஏதோ மிஞ்சுகிறது. நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். இருபத்துமூன்று வயது எனக்கு, வாய் ஊமையில்லை. ஐயா வேண்டாமென்றார், நானும் தலையாட்டினேன். ஒருவரை ஒருவர் நோகாமல் பார்த்துக்கொண்டே ஒருவரைக் கொன்றுவிட்டோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதில் ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வரும்.

தொண்ணூற்றைந்தில் ஆமி வருகிறதென்று எங்கள் பகுதியான வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது நாங்களும் நடந்தோம். அம்மா அங்கே ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் காய்ச்சலில் போனாள். அடுத்த வருடம் அக்காவும் நானும் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. பங்கர் மழையில் இடிந்து தூர்ந்திருந்தது. கொட்டில் இருந்த இடத்தில் அலவாங்கு மட்டும் மண்ணுக்குள் கிடந்தது. வளைந்ததை யார் களவெடுப்பார்கள்? கிணற்றடி வேலியோடு செவ்வரத்தை நின்றது. எறிந்த மரத்தின் ஏதோ ஒரு கொப்பு ஊன்றி, ஆள் தண்ணீர் ஊற்றாமல், ஆளுயரம் வளர்ந்து, உடம்பெல்லாம் பூவாக நின்றது. மானமில்லாத மரம் என்று எனக்கு வாயில் வந்தது. அக்கா அதைத் தாண்டிப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தாள்.

அதன் பிறகு அவள் அதற்கு ஒரு நாளும் தண்ணீர் ஊற்றியதில்லை. பூவும் பறித்ததில்லை. அது பூத்துக்கொண்டேயிருக்கிறது. அவளுக்கு இப்போது அறுபத்தைந்து தாண்டிவிட்டது, கண்ணும் மங்கல். போன கிழமை அதன் கொப்புகள் கிணற்றடிப் பாதையை மறித்துவிட்டன. அவள் இடறி விழுந்துவிடுவாளென்று அலவாங்கை எடுத்துக்கொண்டு போனேன். அடியோடு கிண்டுவதா, விடுவதா? அவள் நாலைந்து எட்டுக்கு அப்பால் குசினிப் படியில் இருந்து சுளகில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒரு சொல்தான். கேட்டிருக்கலாம். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

"ஐயாவும் உப்பிடித்தான் நிண்டவரோ?" என்று அவள் கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

அவள் சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் அலவாங்கைக் கொண்டுபோய்ப் பழையபடி சுவரோடு சாத்தினேன்.